கசப்பு அடங்கிய ஹெல்லஸ்: ஹாப்ஸ் எவ்வளவு, எப்போது?

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. கறுப்பு பீரிலோ, ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகையிலோ பத்து கிராம் ஹாப்ஸ் கூடக்குறையப் போனால் குடிப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. மியூனிக்கில் பிறந்த வெளிர் நிற லாகரான, அதாவது குளிரில் நொதிக்கவைக்கும் பீரான ஹெல்லஸில் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), சுத்தமான ஈஸ்ட், மெல்லிய கசப்பு, இவ்வளவுதான் அந்த பீர். ஒன்று பிசகினால் அதை மூடி மறைக்க வறுத்த மால்ட்டின் மணமோ பழ வாசனையோ எதுவும் கிடையாது. எனக்கு அதைக் காய்ச்சுவதில் இவ்வளவு பிரியம் இருப்பதும் அதனால்தான்.

நான் இருப்பது இங்கோல்ஸ்டாட்டில். பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்ற பவேரியச் சட்டம் 1516 ஏப்ரல் 23 அன்று இந்த ஊரில்தான் பிறப்பிக்கப்பட்டது. இங்கிருந்து மியூனிக்குக்குக் காரில் போனால் ஏ9 நெடுஞ்சாலை ஹாலர்டாவ் வட்டாரத்தின் ஊடே போகும். உலகத்திலேயே ஒரே தொடர்ச்சியாக ஹாப்ஸ் பயிராகும் மிகப் பெரிய பகுதி அது. சுமார் ஏழு மீட்டர் உயரத்துக்குக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கொடியை ஏற்றிவிட்டிருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் அறுவடை தொடங்கியதும், பூவை உலர்த்தும் கொட்டகைகளிலிருந்து வரும் வாசனை கார் கண்ணாடியை இறக்கினால் உள்ளே வந்துவிடும். இப்படி ஒரு இடத்தில் இருந்துகொண்டு ஹாப்ஸ் மேல் அக்கறை வராமல் இருக்க முடியாது.

சட்டம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் 2024 முதல் வீட்டுத் தேவைக்கு ஆண்டுக்கு 500 லிட்டர் வரை வரியில்லாமல் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்குக் கசப்பு ஆகாது. வார இறுதியில் வீட்டுக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் பலரும் அப்படித்தான். அதற்காக ஹாப்ஸே போடாமல் காய்ச்சிவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறு, அதாவது வொர்ட், திகட்டும் அளவுக்கு இனிப்பானது. ஈஸ்ட் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டாலும் மிச்சம் ஒரு இனிப்பு நிற்கும். அதை அடக்கக் கொஞ்சமாவது கசப்பு வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது கிளாஸ் இறங்காது. அது மட்டுமல்ல, ஹாப்ஸில் இருக்கும் அமிலங்கள் பீரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களை அண்டவிடாது. நுரை கிளாஸில் நிலைத்து நிற்பதற்கும் அவைதான் துணை. எனவே நான் குறிவைப்பது 16 முதல் 18 ஐபியு. ஐபியு என்பது பீரின் கசப்பை அளக்கும் அலகு. ஹெல்லஸ் வகைக்கு 16 முதல் 22 வரை வழக்கம். நான் கீழ்ப்பக்கம் நிற்கிறேன். பத்துக்குக் கீழே போனால் பீர் சப்பென்று இருக்கும்.

20 லிட்டருக்கு நான் எடுப்பது இது:

பில்ஸ்னர் மால்ட் 4.2 கிலோ
மியூனிக் மால்ட் 300 கிராம்
ஹாலர்டாவர் மிட்டல்ஃப்ரூ ஹாப்ஸ், ஆல்பா 4 சதவீதம் என்றால், 30 கிராம் முதலிலும் 15 கிராம் கடைசியிலும்
லாகர் ஈஸ்ட், டபிள்யூ-34/70 வகை, இரண்டு பாக்கெட்

மால்ட்டை 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு வடித்துக் காய்ச்சி முடிக்கும்போது அடர்த்தி, தண்ணீரை 1 என்று கொண்டால், 1.047 அருகில் இருக்கும். மால்ட் வேலை பற்றி இதற்கு மேல் சொல்லப்போவதில்லை. அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

ஹாப்ஸ் வாங்கும்போது பாக்கெட்டில் மூன்று விஷயம் பாருங்கள்: ரகத்தின் பெயர், அறுவடை ஆண்டு, ஆல்பா சதவீதம். ஆல்பா என்பது கசப்புக்கு மூலமான அமிலத்தின் அளவு. ஒரே ரகம், ஒரே தோட்டம் என்றாலும் மழை வெயிலைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு இது மாறும். மிட்டல்ஃப்ரூ 3 முதல் 5.5 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஆகவே “30 கிராம் போடு” என்று மட்டும் சொல்லும் எந்தக் குறிப்பையும், என்னுடையதையும் சேர்த்து, அப்படியே நம்பாதீர்கள். உங்கள் பாக்கெட்டில் என்ன எண் இருக்கிறதோ அதை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு சுலபம். கிளென் டின்செத் வகுத்த சூத்திரத்தைத்தான் வீட்டில் காய்ச்சுபவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். 20 லிட்டர், 1.047 அடர்த்தி என்று வைத்துக்கொண்டால் அதை நான் இப்படிச் சுருக்கி வைத்திருக்கிறேன்: கிராமை ஆல்பா எண்ணால் பெருக்குங்கள். ஒரு மணி நேரம் கொதிக்கும் ஹாப்ஸ் என்றால் அதை 0.12-ஆல் பெருக்குங்கள். இருபது நிமிடம் என்றால் 0.072. பத்து நிமிடம் என்றால் 0.043. மேலே சொன்ன அளவில் 30 × 4 × 0.12 என்பது 14.4. 15 × 4 × 0.043 என்பது 2.6. மொத்தம் 17 ஐபியு.

இந்த ஆண்டு பாக்கெட்டில் ஆல்பா 5.2 என்று இருந்தால்? 30 × 4 என்பது 120. அதை 5.2-ஆல் வகுத்தால் 23 கிராம். முதல் தவணையை மட்டும் இப்படிக் குறையுங்கள். கடைசித் தவணை 15 கிராமைத் தொட வேண்டாம். அது வாசனைக்காகப் போடுவது, வாசனை ஆல்பாவைப் பொறுத்தது அல்ல. ரசத்தை இறக்கும்போது தூவும் கொத்தமல்லி போல, அந்த ஹாப்ஸின் வேலையே மணம் கொடுப்பதுதான். அதிக நேரம் கொதித்தால் மணம் தரும் எண்ணெய் எல்லாம் ஆவியோடு போய்விடும்.

ரகம் எது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மெல்லிய பீருக்கு மென்மையான ரகம்தான். மிட்டல்ஃப்ரூவில் பூ வாசனையும் லேசான மசாலா வாடையும் இருக்கும். கசப்பு வந்த சுவடு தெரியாமல் வந்து போகும். இந்த ரகம் ஒரு காலத்தில் ஹாலர்டாவ் முழுக்கப் பயிரானது. 1950-களில் வேர் வழியாகப் பரவும் வாடல் நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. அப்புறம்தான் வோல்ன்சாக் பக்கத்தில் ஹ்யூல் என்ற சிற்றூரில், 1926-லிருந்து இயங்கும் ஹாப்ஸ் ஆராய்ச்சி நிலையம் நோய் தாங்கும் ரகங்களைக் கொண்டுவருவதில் மும்முரமானது. பெர்லே, ஹாலர்டாவர் டிரெடிஷன் எல்லாம் அங்கே பிறந்தவைதான். மிட்டல்ஃப்ரூ கிடைக்காவிட்டால் டிரெடிஷன் அருமையான மாற்று. டெட்நாங்கர், ஷ்பால்ட்டர் செலக்ட், செக் நாட்டு சாஸ் இவையும் சரிவரும். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர்கள் மவுண்ட் ஹூட், லிபர்ட்டி என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் மிட்டல்ஃப்ரூவின் வழிவந்தவை. சிட்ரா மாதிரி பழ வாசனை தூக்கலான ரகங்கள் நல்லவைதான், ஆனால் ஹெல்லஸில் போட்டால் பீர் இருக்கும் இடம் தெரியாது.

செலவைப் பார்த்துக் கசப்புக்கு மட்டும் மேக்னம் என்ற ரகத்தைப் போடுபவர்கள் உண்டு. ஆல்பா 13 இருக்கும் மேக்னம் என்றால் 9 கிராம் போதும். செய்யலாம், ஆனால் சமையலறைத் தராசில் அளக்காதீர்கள். ஒரு கிராம் பிசகினாலே ஒன்றரை ஐபியு ஏறிவிடும். 0.1 கிராம் வரை காட்டும், நகைக்கடையில் இருப்பது போன்ற சின்னத் தராசு இணையத்தில் மலிவாகவே கிடைக்கிறது. மிட்டல்ஃப்ரூவில் அதே ஒரு கிராம் அரை ஐபியுதான். மெல்லிய பீருக்கு ஆல்பா குறைந்த ஹாப்ஸை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாக்கெட்டில் ஹாப்ஸ் அரைத்து அழுத்திய சின்ன வில்லைகளாக இருக்கும். திறந்ததும் இரண்டு மூன்று வில்லைகளை உள்ளங்கையில் போட்டு, கட்டைவிரலால் அழுத்தி நசுக்கிப் பாருங்கள். நல்ல ஹாப்ஸ் ஆலிவ் பச்சையாக இருக்கும். நசுக்கியதும் உள்ளேயிருந்து மஞ்சள் பொடி கையில் பிசுபிசுவென்று ஒட்டும். லுபுலின் என்பது அதுதான், கசப்பும் மணமும் அதில்தான் இருக்கின்றன. இரண்டு உள்ளங்கைகளையும் வேகமாகத் தேய்த்து, சூடு ஏறியதும் மூக்கருகில் கொண்டுபோய் முகருங்கள். புல், பூ, எலுமிச்சைத் தோல், மிளகு என்று ஏதாவது வர வேண்டும். பழுத்த சீஸ் வாடையோ வியர்வையில் ஊறிய சாக்ஸ் வாடையோ வந்தால் காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டது என்று அர்த்தம். கையில் நிற்கும் பிசுக்கு சோப்புக்கே எளிதில் போகாது, அதனால் முகர்ந்து பார்க்கும் வேலையை ஈஸ்ட்டைத் தொடும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு வில்லையை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு ஐந்து நிமிடம் கழித்துக் குடித்துப் பாருங்கள். நாக்கில் உறுத்தும் கரகரப்பு இருந்தால் அதை ஹெல்லஸுக்கு எடுக்காதீர்கள்.

மிச்ச ஹாப்ஸைக் காற்று இல்லாமல் உறிஞ்சி மூடி, ஃப்ரீசரில் வையுங்கள். கிளிப் மாட்டி அலமாரியில் வைத்தது சில மாதங்களிலேயே பழசாகிவிடும்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். மியூனிக் வட்டாரத் தண்ணீரில் சுண்ணாம்புக் கார்பனேட் அதிகம். பழைய காலத்தில் இங்கே கறுப்பு பீரே கோலோச்சியதற்கு அதுவும் ஒரு காரணம், ஏனென்றால் கறுப்பு மால்ட்டின் அமிலம் அந்தத் தண்ணீரின் காரத்தன்மையைச் சமன் செய்துவிடும். வெளிர் மால்ட்டால் அது முடியாது. கார்பனேட் மிகுந்த தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு முரட்டுத்தனமாக மாறி, தொண்டையில் போய் நிற்கும். மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலை 1894-ல் முதல் ஹெல்லஸைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் தண்ணீரைப் பக்குவப்படுத்தும் அறிவும் இருந்தது. வீட்டில் சுலப வழி: தண்ணீரை முந்தின நாள் ராத்திரியே கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். காலையில் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும், மேல் தண்ணீரை மட்டும் அலுங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே 100 கிராம் பில்ஸ்னர் மால்ட்டுக்குப் பதிலாகப் புளித்த மால்ட் சேர்த்தால் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.3 பக்கம் வந்துவிடும். கசப்பைத் தூக்கிக் காட்டவென்று ஜிப்சம் போடச் சொல்லும் குறிப்புகள் ஐபிஏவுக்கானவை. இங்கே வேண்டாம்.

சரி, அடுப்பேற்றும் நாளுக்கு வருவோம். 25 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வொர்ட் வடித்து, மூடாமல் மொத்தம் 70 நிமிடம் கொதிக்கவைக்கிறேன். மூடக் கூடாது, பில்ஸ்னர் மால்ட்டிலிருந்து வரும் வேகவைத்த சோள வாடை ஆவியோடு வெளியே போக வேண்டும்.

முதல் கொதி வரும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மேலே அழுக்குப் பழுப்பில் நுரை கூடி, பாத்திரத்தின் விளிம்பு வரை எழும். தீயைத் தணித்து, கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தால் அடங்கும். சில நிமிடம் போனால் நுரை உடைந்து, வொர்ட்டுக்குள் முட்டை உடைத்து ஊற்றிய மாதிரி வெள்ளைத் திப்பிகள் சுழல ஆரம்பிக்கும். மால்ட்டின் புரதம் திரண்டு வருவது அது. அது திரளும் முன்பே ஹாப்ஸைப் போட்டால் கசப்பின் ஒரு பங்கு அந்தத் திப்பிகளோடு ஒட்டிக்கொண்டு அடியில் போய்விடும், உங்கள் கணக்கு பொய்க்கும். பத்து நிமிடம் பொறுங்கள். கொதி சீரானதும், ஒரு மணி நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு 30 கிராமைப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் திரும்பவும் பொங்கும், கைப்பிடி கைப்பிடியாகத் தூவுங்கள். துணிப் பையில் கட்டிப் போடுபவர்கள் பையைத் தளர்வாகக் கட்டி, பத்து சதவீதம் கூட்டிப் போடுங்கள். பைக்குள் வொர்ட் சரியாக ஓடாது.

கொதிக்கும்போது வொர்ட்டை ருசி பார்த்துக் கசப்பை முடிவு செய்யாதீர்கள். சர்க்கரை அப்படியே இருக்கும், சூடு நாக்கை மரக்கச் செய்யும். அந்த நேரத்தில் “கசப்பு பத்தவில்லை” என்று தோன்றி இன்னும் பத்து கிராம் அள்ளிப் போடத் தோன்றும். தராசை நம்புங்கள்.

அலாரம் அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி 15 கிராம். அடுப்பை அணைத்ததும் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம், கசப்பு கூடிக்கொண்டேதான் இருக்கும். வொர்ட் 80 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை ஆல்பா அமிலம் கசப்பாக மாறுவது நிற்காது. பாத்திரத்தை அப்படியே மூடி அரை மணி நேரம் வைத்துவிட்டால், பத்து நிமிடக் கணக்கில் போட்ட ஹாப்ஸ் இருபது, இருபத்தைந்து நிமிடம் கொதித்தது போல ஆகிவிடும். வாசனையும் போய்விடும். பெரிய ஆலையின் குறிப்பை வீட்டில் பின்பற்றும்போதும், வீட்டுக் குறிப்பை வேறொருவர் வீட்டில் பின்பற்றும்போதும் ருசி மாறுவதற்கு இந்த ஆறும் நேரமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். செம்புக் குழாய்ச் சுருளை முன்பே உள்ளே இறக்கி வைத்து, அடுப்பை அணைத்த கையோடு குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுங்கள். சுருள் இல்லாதவர்கள் கடைசித் தவணையை அடுப்பை அணைக்கும்போது போடுங்கள், ஆறும் நேரமே அந்தப் பத்து நிமிட வேலையைப் பார்த்துவிடும்.

நன்றாக ஆறியதும் கரண்டியால் ஒரே திசையில் சுழற்றி இருபது நிமிடம் விட்டால் ஹாப்ஸ் சக்கை நடுவில் கூம்பாகக் குவியும். தெளிந்ததை மட்டும் எடுங்கள். சக்கையைப் பிழியாதீர்கள், துவர்ப்புதான் இறங்கும்.

ஈஸ்ட் போட்டு 10, 11 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை நுரை எழும்பும். அதன் உச்சியில் பழுப்பான, தார் போன்ற திட்டுகள் தெரியும். ஹாப்ஸின் பிசின் அது. விரலில் தொட்டு நக்கிப் பார்த்தால் அதன் கசப்பு நெடுநேரம் நாக்கை விட்டுப் போகாது, ஒரு தடவை பார்த்தால் போதும். நுரை அடங்கும்போது அது நொதிக்கும் வாளியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஒட்டவிடுங்கள். வாளியை ஆட்டுவது, கலக்குவது, சுவரை வழித்து உள்ளே விடுவது எதுவும் வேண்டாம். வாளியின் மேல்பக்கம் கால் பங்காவது காலியாக இருந்தால்தான் அது ஒட்ட இடம் கிடைக்கும். கசப்பு மெல்லியதாக வருவதற்கு இந்தத் திட்டு பீருக்குள் திரும்ப விழாமல் இருப்பது மிகவும் முக்கியம். பழைய பவேரிய ஆலைகளில் திறந்த தொட்டிகளிலிருந்து இதைக் கரண்டியால் வழித்தே எடுப்பார்கள்.

இந்த பீருக்கு, நொதித்த பிறகு ஊறப்போடும் ஹாப்ஸ் தேவையில்லை. புல் வாடைதான் மிஞ்சும்.

நொதித்து முடிந்ததும் ஒன்று இரண்டு டிகிரியில் நாலு முதல் ஆறு வாரம் வையுங்கள். புது பீரில் இருக்கும் கூர்மையான கசப்பு இந்தக் குளிரில் ஈஸ்ட்டோடும் புரதத்தோடும் சேர்ந்து கீழே படிந்து, பீர் மென்மையாக மாறும். பொறுமையில்லாமல் பத்தாம் நாளே திறந்து குடித்துவிட்டு ஹாப்ஸைக் குறை சொல்லக் கூடாது. நாலு வாரத்துக்குப் பிறகும் கசப்பு தூக்கலாக இருந்தால் அடுத்த முறை முதல் தவணையில் 5 கிராம் குறையுங்கள், கடைசித் தவணையைத் தொடாதீர்கள். இனிப்பு நிற்கிறது என்றால் முதலில் ஈஸ்ட் வேலையை முடித்ததா என்று அடர்த்தி அளந்து பாருங்கள். 1.010 பக்கம் வந்திருக்க வேண்டும். வந்திருந்தும் இனிக்கிறது என்றால் மட்டும் ஹாப்ஸைக் கூட்டுங்கள்.

பழுப்பு பாட்டிலில்தான் அடைக்க வேண்டும். ஹாப்ஸின் கசப்பு அமிலத்தில் வெளிச்சம் பட்டால் கந்தகம் கலந்த ஒரு பொருள் உண்டாகி நாற்றம் எடுக்கும். 17 ஐபியு பீருக்கும் இது நடக்கும், வெயிலில் சில நிமிடங்களே போதும். கண்ணாடி கிளாஸில் ஊற்றியதைத் தோட்டத்து மேசையில் நிழல் பார்த்து வையுங்கள்.

லாகர் வைக்கத் தனி ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் கோதுமை பீருக்குப் போகலாம். அது 18 முதல் 20 டிகிரியில் நொதிக்கும். 4 சதவீத ஹாப்ஸ் 25 கிராம், ஒரே தவணை, ஒரு மணி நேரம், 12 ஐபியு. கடைசியில் எதுவும் வேண்டாம். வாசனையை அந்த ஈஸ்ட்டே கொடுத்துவிடும்.

செப்டம்பரில் ஹாலர்டாவ் பக்கம் யாரையாவது தெரிந்திருந்தால் செடியிலிருந்து பறித்த பச்சைப் பூ கிடைக்கும். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே உலர்ந்த ஹாப்ஸைப் போல ஐந்து மடங்கு எடை போட வேண்டும். ஆல்பா எவ்வளவு என்று தெரியாததால் அதைக் கசப்புக்கு நம்பாதீர்கள். முதல் தவணையைப் பாக்கெட் ஹாப்ஸில் போட்டுவிட்டு, கடைசித் தவணைக்கு 75 கிராம் பச்சைப் பூ போடுங்கள். பறித்த அன்றைக்கே போட்டுவிட வேண்டும், மூட்டைக்குள் ஒரு ராத்திரி இருந்தாலே சூடேறி வாடை மாறிவிடும்.

வீட்டில் நாய் இருந்தால் சக்கையைத் தோட்டத்து உரக்குழியில் கொட்டாதீர்கள். வொர்ட்டின் இனிப்புக்காக நாய் அதைத் தேடிப் போய்த் தின்னும். ஹாப்ஸ் நாய்க்கு விஷம். உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். மூடியுள்ள குப்பைத் தொட்டியில் கட்டிப் போடுங்கள், தரையில் சிந்திய வில்லைகளையும் பெருக்கி எடுத்துவிடுங்கள்.